புகைபோக்கியும் ஒரு கருவியே

கடன் புதுப்பித்தலுக்கு முன் வாடிக்கையாளரின் தொழிலிடத்தை நேரில் பார்வையிடுவது வங்கிகளின் நெடுநாள் வழக்கம். அவ்வழக்கப்படி, கோவை செல்வபுரத்தில் தம் வீட்டிலேயே நகைப்பட்டறை வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். எட்டடிக்குப் பத்தடி அறை. இரண்டு பணிமேசைகள், தகடு உருட்டும் இயந்திரம் ஒன்று, பாலிஷ் மோட்டார் ஒன்று, மூலையில் எரிவாயு உருளை. கடன் தொகையில் வாங்கியவை யாவும் பட்டியலில் கண்டபடியே இருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் சரிக்குறி இட்டோம். அறையின் ஒரே சன்னல் ஒட்டுப்பலகை வைத்து ஆணியடிக்கப்பட்டிருந்தது. கதவின் கீழ் இடுக்கில் சாக்கு திணிக்கப்பட்டிருந்தது. சித்திரை மாதத்து வெயிலிலும் மின்விசிறி ஓடவில்லை. கால் மணி நேரத்தில் நம் கண்கள் எரியத் தொடங்கின.

“காத்து வந்தா வேலை கெட்டுப் போயிருமுங்க” என்றார் அவர்.

அவர் கூறியது உண்மை. நூலினும் மெல்லிய கம்பிகளைப் பற்றவைக்கும்போது சுடர் ஓர் ஊசிமுனை அளவு இடத்தில் நிலைத்து நிற்கவேண்டும். காற்றில் அது ஒருமுறை சாய்ந்தால் பற்றாசு உருகுமுன் கம்பி உருகிவிடும். அரைநாள் உழைப்பு ஒரு சிறு குண்டுமணியாகச் சுருண்டுவிடும். வெளிச்சம் மிகுந்தால் உலோகம் காய்ந்து சிவக்கும் பதத்தைக் கண்ணால் அறிய இயலாது. அரம் உராயும்போது உதிரும் பொன்துகளைக் காற்று அள்ளிச் சென்றால் அது நேரடி இழப்பு. பட்டறையின் குப்பையையும், பழைய பாயையும், கைகழுவிய நீரையும்கூட வீணாக்காமல் சேர்த்து வைத்துப் பொன் எடுக்கும் தொழில் இது. பொற்கொல்லர் தெருக்களின் சாக்கடை மண்ணை அள்ளி அரித்துப் பிழைப்போர் இன்றும் உளர். தெருவைப் பார்த்த சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பொன்னை மேசையில் பரப்ப முடியாது என்பதை அவர் சொல்லவில்லை, நாமே உணர்ந்துகொண்டோம்.

எனவே, ‘சன்னலைத் திறந்து வையுங்கள்’ என்னும் பொது அறிவுரை இங்கே செல்லுபடியாகாது. சுடருக்கு அசையாக் காற்று வேண்டும். நுரையீரலுக்குத் தூய காற்று வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணியே தலைமுறை தலைமுறையாக அறையை அடைத்துவிட்டு உள்ளே அமர்ந்திருக்கிறோம். புகையை அது பிறக்கும் இடத்திலேயே பிடித்து வெளியேற்றினால் இரண்டும் கிட்டும். அதற்குரிய அமைப்பை அலங்காரச் செலவாகக் கருதாது, அரத்தையும் குறட்டையும்போல் ஒரு தொழிற்கருவியாகக் கருதவேண்டும் என்பதும், கடன் விண்ணப்பத்திலேயே அதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதும் நம் கருத்து.

இவ்விதழின் வாசகர்களுள் நகை செய்வோர் சிலரே; நகை அணிவோரும், அதை நம் கிளைகளில் ஈடு வைத்துக் கடன் பெறுவோரும் பலர். அப்பலருக்கும் இதில் தொடர்பு உண்டு. அத்தொடர்பை விளக்கக் காட்மியத்தின் கதையைச் சொல்லவேண்டும்.

‘கே.டி.எம். நகைகள்’ என்று கடைப் பலகைகளில் பெருமையுடன் எழுதியிருந்த காலத்தை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதை ஒரு தர முத்திரை என்றே பலர் எண்ணினர். உண்மையில் அது காட்மியம் என்னும் உலோகத்தின் பெயரிலிருந்து பிறந்த சொல். பொன்னோடு பொன்னை இணைக்க வைக்கும் பற்றாசு, இணைக்கப்படும் பொன்னைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகவேண்டும். முற்காலத்தில் அதற்காகச் செம்பை மிகுதியாகக் கலந்தனர். இணைப்புகள் மிகுந்த நகையை உருக்கிப் பார்த்தால் மாற்றுக் குறைந்திருக்கும், வாங்கியவருக்கு மனவருத்தம். 92 பங்கு பொன்னும் 8 பங்கு காட்மியமும் சேர்ந்த பற்றாசு இச்சிக்கலைத் தீர்த்தது. 22 காரட் பொன்னின் தூய்மை 91.6 விழுக்காடு, பற்றாசின் தூய்மையும் அதற்குக் குறையாததால் நகையின் மாற்று இறங்கவில்லை. வேலையும் எளிதாயிற்று.

ஆயின் காட்மியம் 321 பாகை செல்சியசில் உருகி, 767 பாகையில் கொதித்து ஆவியாகிவிடும். பொற்கொல்லரின் சுடர் இவ்வெப்பத்தை எளிதில் தாண்டும். எழுந்த ஆவி காற்றில் கலந்த நொடியே கண்ணுக்குப் புலப்படாத நுண்தூளாகிறது. அது இன்னதென்று எச்சரிக்கும் மணமும் அதற்கு இல்லை. அதை மிகுதியாகச் சுவாசித்தவருக்கு அப்போதே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் குளிரும் நெஞ்சிறுக்கமும் வரும். ‘பருவம் மாறுகிறது, சளி பிடித்திருக்கிறது’ என்று கருதிக் கஷாயம் குடித்துப் படுத்துவிடுவார். அளவு மீறியிருந்தால் நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். சிறுகச் சிறுக உட்கொண்டாலோ அது சிறுநீரகத்தில் தங்கிப் பல்லாண்டுகள் வெளியேறாது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, காட்மியத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்துள்ளது. வாங்குபவர் கேட்ட மாற்றுக் குறையாத நகைக்கு விலையாக, ஊதுபவரின் நெஞ்சுக்குள் போனது அந்த எட்டுப் பங்கின் ஆவி.

2021ஆம் ஆண்டு சூன் 16 முதல் பொன் நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. கே.டி.எம். பலகைகள் மறைந்தன. எனினும் பலகை மறைந்த வேகத்திலேயே பொருளும் எல்லா வீட்டுப் பட்டறைகளிலிருந்தும் மறைந்துவிட்டது என்று நாம் நம்பத் தயாராக இல்லை. ஆகவே காற்றோட்டத்தைப் பற்றிப் பேசுமுன் ஒரு வேண்டுகோள்: காட்மியம் இல்லாத பற்றாசையே, அவ்வாறு எழுதிக் கொடுக்கும் வணிகரிடம் கேட்டு வாங்குங்கள். துத்தநாகம், வெள்ளி, இண்டியம் முதலியன சேர்ந்த பற்றாசுகள் கிடைக்கின்றன. நஞ்சை உள்ளே கொண்டுவந்துவிட்டு வெளியேற்ற வழி தேடுவது இரண்டாம் வேலை.

காட்மியம் நீங்கினாலும் புகை நீங்குவதில்லை. துத்தநாகத்தின் ஆவி ஒருநாள் காய்ச்சலைத் தரும். வெண்காரம் கொதித்துத் தெறிக்கும் புகை தொண்டையை அரிக்கும். அடைத்த அறையில் கரி கனன்றால் எழும் கார்பன் மோனாக்சைடு என்ன செய்யும் என்பதைப் பனிக்கால நாளேடுகளில் படித்திருக்கிறோம். மும்பையின் ஜவேரி பஜாரிலும், கொல்கத்தாவின் பௌபஜாரிலும், வெள்ளி இழை வேலைக்குப் பெயர்பெற்ற கட்டாக்கிலும், கொலுசு செய்யும் சேலத்து வீடுகளிலும், கோயில் நகைக்குப் புகழ்பெற்ற வடசேரியிலும் மொழிதான் வேறு. தொழில் ஒன்றே, புகையும் ஒன்றே. வீட்டுப் பட்டறையில் இன்னொரு துன்பமும் உண்டு. வேலை முடிந்ததும் தொழிலாளி அவ்விடத்தை விட்டுப் போவதில்லை. அதே அறையில் பாய் விரிக்கப்படுகிறது. அடுத்த அறையில் குழந்தை வீட்டுப்பாடம் எழுதுகிறது.

இனி, பலரும் நம்பியிருக்கும் சில ஏற்பாடுகளைக் காண்போம். கூரை மின்விசிறி புகையை அகற்றாது. மூலையில் இருந்ததை எல்லா மூலைகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். வீடுகளில் மாட்டும் சாதாரணக் குளிர்பதனப் பெட்டி உள்ளிருக்கும் காற்றையே குளிர்வித்துத் திருப்பித் தருகிறது. மூக்கில் கட்டும் ஈரத்துணி பெரிய தூசியைத் தடுக்கலாம். உலோக ஆவியிலிருந்து பிறக்கும் நுண்தூளைத் தடுக்காது. இவற்றினும் ஏமாற்றமானது, தொழிலாளியின் முதுகுக்குப் பின்னால் சுவரின் உச்சியில் பொருத்திய எக்ஸாஸ்ட் விசிறி. பணம் செலவழித்து வாங்கிய அவ்விசிறி, மேசையில் எழும் புகையை இழுத்து அவர் முகத்தின் வழியாகவே கொண்டுபோகிறது. இல்லாதிருந்தால் நேராக மேலே போயிருக்கும் புகையை மூக்குக்கு அருகில் அழைத்து வந்தது அது.

சரியான அமைப்பின் விதி எளியது. தூய காற்று தொழிலாளியின் பின்னாலிருந்து வரவேண்டும். புகை அவருக்கு முன்னால், அவர் முகத்துக்குக் கீழேயே, விலகிப் போகவேண்டும். பற்றவைக்கும் செங்கல்லை ஒட்டி, எதிர்ப்புறத்தில், தகரத்தால் செய்த அகன்ற வாய் ஒன்றை வையுங்கள். சுடருக்கும் அவ்வாய்க்கும் இடைவெளி ஒரு சாணுக்கு மேல் போகவேண்டா. இந்த இடைவெளியில்தான் அமைப்பின் வெற்றி முழுதும் அடங்கியிருக்கிறது. ஊதும் காற்று நெடுந்தொலைவு போகும். உறிஞ்சும் காற்று அவ்வாறு போகாது. ஆறு அங்குல அகலமுள்ள குழாயின் வாயிலிருந்து ஆறு அங்குலம் தள்ளினாலே உறிஞ்சும் வேகம் வாயில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். எவ்வளவு பெரிய விசிறி வாங்கினாலும், இரண்டடி தொலைவில் வைத்தால் அது புகையைப் பிடிக்காது.

‘அப்படியானால் சுடர் ஆடாதா?’ என்று கேட்கலாம். பற்றவைப்புப் புகையைப் பிடிக்க அவ்விடத்தில் நொடிக்கு அரை மீட்டர் அளவிலான காற்று நகர்ச்சி போதும். நாம் நடக்கும் வேகம் அதைவிட இருமடங்குக்கும் மேல். சுடரைச் சாய்ப்பது இந்த மெல்லிய இழுவை அன்று. சன்னல் வழியாகவும் விசிறியிலிருந்தும் ஒழுங்கின்றி வந்து மோதும் காற்றே. தகர வாயின் இருபுறமும் மேலும் தகடு அடைத்துச் சிறு கூண்டுபோல் செய்துவிட்டால், முன்பைவிடச் சுடர் அமைதியாக நிற்கும், புகையும் சிதறாது.

வாயிலிருந்து வெளியே செல்லும் குழாய் தகரமாக இருக்கட்டும்; கூடியவரை நேராகப் போகட்டும். ஒவ்வொரு வளைவும் விசிறியின் வலிமையைத் தின்னும். விசிறியைக் குழாயின் வெளிமுனையில் பொருத்தவேண்டும். அப்போதுதான் குழாயில் எங்கேனும் இடுக்கு இருந்தாலும் அறைக்காற்று உள்ளே போகுமேயன்றிப் புகை அறைக்குள் கசியாது. குழாய் நீளமானால் சுவரில் மாட்டும் சாதாரண விசிறியால் தள்ள முடியாது. குழாய்க்கென்றே செய்யப்படும் விசிறியை வாங்கவேண்டும். பெட்டியின் மேல் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். அது குழாய் இல்லாத நிலையில் அளந்த கணக்கு என்பதை நினைவிற் கொண்டு சற்றுப் பெரியதாகவே தேர்ந்தெடுப்பது நலம்.

காற்று வெளியேறினால் அதே அளவு காற்று உள்ளே வந்தாகவேண்டும். சாக்குத் திணித்த கதவும் பலகை அடித்த சன்னலும் அப்படியே இருந்தால், விசிறி சத்தமிடுமேயன்றி வேலை செய்யாது. தொழிலாளியின் பின்புறத்தில், கதவின் அடிப்பாகத்தில், கம்பிவலை பொருத்திய திறப்பு ஒன்று வேண்டும். அது குழாயின் வாயைவிடச் சிறியதாக இருத்தல் கூடாது. தாழ இருப்பதால் தெருவார் கண்ணுக்கும் எட்டாது. இத்திறப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் படியும், மேலே உள்ள சன்னலால் அது வெளியேறாது. வீட்டு அடுப்புக்கு மானிய விலையிலும் சலுகையிலும் தரப்படும் 14.2 கிலோ உருளையைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது விதிமீறல் என்பதையும், தொழிலுக்கு 19 கிலோ வணிக உருளை உண்டு என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறோம். காப்பீட்டு இழப்பீடு கோரும் நாளில் இச்சிறு வேறுபாடு பெரிதாகிவிடும்.

எல்லாம் முடிந்தபின் சோதித்துப் பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை, ஊதுவத்தி போதும். எரிவாயுவைத் திறக்குமுன், சுடர் நிற்கும் இடத்தில் ஒரு வத்தியை ஏற்றிப் பிடியுங்கள். புகை தயங்காமல் தகர வாய்க்குள் நுழைந்தால் அமைப்புச் சரி. முகத்தை நோக்கி எழுந்தால் வாயை இன்னும் அருகில் நகர்த்துங்கள்.

பொன்துகள் பற்றிய அச்சத்துக்கும் விடையுண்டு. அரத்தாலும் வாளாலும் செய்யும் வேலையைப் பற்றவைக்கும் மேசையில் செய்யாமல் வேறு மேசைக்கு மாற்றிவிட்டால், விசிறியின் இழுவை அங்கே எட்டாது. பற்றவைக்கும் நேரத்தில் மட்டும் விசிறி ஓடினால் போதுமானது. பாலிஷ் மோட்டாரிலோ நிலைமை தலைகீழ். சுழலும் துணிச்சக்கரம் பொன்தூளையும் மெருகுப்பொடியையும் நூலிழையையும் ஒருசேர வீசியெறிகிறது. அதைக் கூண்டிட்டு, உறிஞ்சி, துணிப்பையில் வடிகட்டிப் பிடித்தால், அப்பையை எரித்துச் சுத்திகரித்துப் பொன்னைத் திரும்பப் பெறலாம். பெரிய பட்டறைகள் இதைச் செய்வது தொழிலாளர் நலனுக்காக மட்டும் அன்று. நுரையீரலுக்குள்ளும் சுவரின் ஒட்டடையிலும் போய்ச் சேரும் தூளை எவராலும் உருக்கி எடுக்க முடியாது.

அமிலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். பற்றவைத்த நகையை வெளுக்கக் கந்தக அமிலத்துக்கு மாற்றாகச் சிட்ரிக் அமிலக் கரைசலை வெதுவெதுப்பாகப் பயன்படுத்தலாம். நேரம் சற்றுக் கூடும். கந்தக அமிலமே வேண்டுமெனில் நீரில் அமிலத்தை ஊற்றவேண்டும், அமிலத்தில் நீரை ஊற்றுதல் கூடாது. பாத்திரத்துக்கு மூடி வேண்டும். அதன் ஆவி இரும்பு விசிறியை அரித்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் விசிறியும் குழாயும் தனியே வேண்டும். நைட்ரிக் அமிலமும் ராஜ திராவகமும் கொண்டு பொன்னைச் சுத்திகரிக்கும் வேலை, பழுப்பு நிறத்து நச்சுப்புகை எழும் வேலை; அது வீட்டில் நடக்கவே கூடாது. அதற்கென உள்ள சுத்திகரிப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

புகையை எங்கே விடுவது என்பதிலும் கவனம் வேண்டும். அண்டை வீட்டாரின் சன்னலை நோக்கியோ, மாடிப்படிக் கூண்டுக்குள்ளோ விட்டால் தொல்லை இடம் மாறுமேயன்றி நீங்காது. கூரைக்கு மேலே கொண்டுபோய் விடுவதே முறை. வாடகை வீடாயின் சுவரில் துளையிட உரிமையாளர் ஒப்பமாட்டார். சன்னலின் ஒரு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதே அளவில் தகடு வெட்டி, அதன் நடுவே குழாயைச் செலுத்துவது ஒரு வழி. காலி செய்யும் நாளில் கண்ணாடியைத் திரும்பப் பொருத்திவிடலாம்.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு எவ்வளவு? எளிய அளவில் செய்துகொண்டால் இரண்டு கிராம் தங்கத்தின் இன்றைய விலைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். பின் ஏன் பட்டறைகளில் இது இல்லை? இதற்கு விடை தேடியபோது நம் பக்கமும் திரும்பிப் பார்க்க நேர்ந்தது.

பி.எம். விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்டது. அதில் இடம்பெற்ற 18 தொழில்களுள் பொற்கொல்லர் தொழிலும் ஒன்று. கருவிகளுக்கென 15,000 ரூபாய் ஊக்கத்தொகையும், 5 விழுக்காடு வட்டியில் முதலில் 1 லட்சமும் பின்னர் 2 லட்சமும் ஈடின்றிக் கடனும் அதில் உண்டு. 2015 முதல் முத்ரா கடன்கள் இருக்கின்றன. இவற்றுக்கு வரும் விண்ணப்பங்களில் இயந்திரத்தின் விலை கேட்கப்படுகிறது; விலைப்பட்டியல் கேட்கப்படுகிறது; இருப்புப் பொன்னின் அளவு கேட்கப்படுகிறது. புகை எங்கே போகிறது என்று எவரும் கேட்பதில்லை, நாமும் கேட்டதில்லை. விண்ணப்பதாரரும், வங்கி கேட்காத ஒன்றைச் சேர்த்தால் கடன் தள்ளிப்போகுமோ என அஞ்சி விட்டுவிடுகிறார்.

தொழிற்சாலைகளுக்கு ஆய்வாளர்கள் வருவார்கள். ஒருவரோ இருவரோ வேலை செய்யும் வீட்டுப் பட்டறையின் வாயிலை அச்சட்டங்கள் தாண்டுவதில்லை. அவ்வறைக்குள் தாளும் பேனாவும் கொண்டு நுழையும் வெளியார் பெரும்பாலும் வங்கி அலுவலர் ஒருவரே. அவர் சரிக்குறி இடும் பட்டியலில் புகைபோக்கிக்கு ஒரு வரி இருந்தால் அதன் விளைவு சிறிதாக இராது. நம் கிளைகளில் உரைகல்லுடன் அமர்ந்திருக்கும் நகை மதிப்பீட்டாளர்களுள் பலர் இதே தொழில் மரபினர். அவர்கள் சொன்னால் பட்டறைக்காரர் செவிசாய்ப்பார். வருமானம் தராத பொருளுக்கு வட்டி கட்டுவதா என்று சிலர் கேட்பர். தவணைக் காலம் முழுதும் அந்த மேசையில் அமர்ந்து உழைக்கக்கூடிய உடல்தான் இக்கடனுக்கு உண்மையான ஈடு என்பதை அவர்களிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்லலாம். இதில் வங்கியின் தன்னலமும் உண்டு; அதை மறைக்கவேண்டியதில்லை.

செல்வபுரத்து வாடிக்கையாளரிடம் இவற்றையெல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை. முதல்நாள் ஊதுவத்தியை மட்டும் ஏற்றிக் காட்டினோம். புகை நேராக எழுந்து, பலகை அடித்த சன்னலில் முட்டி, அவர் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டு நின்றது. அவர் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒட்டுப்பலகையில் விரலால் ஒரு வட்டம் போட்டு, “இங்கன ஓட்டை போட்டாப் போதுமுங்களா?” என்றார்.

சென்ற மாதம் புதுப்பித்தல் விண்ணப்பத்துடன் கிளைக்கு வந்தார். விசிறிக்கான விலைச்சீட்டை இணைத்திருந்தார். தகரக் குழாயைத் தெருமுனைக் கடையில் செய்யச் சொல்லியிருப்பதாகவும், அதற்கும் பில் வேண்டுமா என்றும் கேட்டார். வேண்டும் என்றோம்.